இரைப்பு ஒன்று, பெயர்கள் மூன்று: இந்தியாவில் ஆஸ்துமாவைப் பிரித்தறிந்த வரலாறு

மூச்சு விடும்போது மார்பிலிருந்து எழும் சீழ்க்கை ஒலி ஓர் அறிகுறி மட்டுமே. அது ஒரு நோயின் பெயர் அன்று. பாடநூல்கள் அனைத்தும் கூறும் இந்த எளிய உண்மை மருத்துவ நடைமுறைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இரவெல்லாம் இருமியும் இரைத்தும் உடல் மெலிந்தும் மருத்துவரை நாடி வந்த ஒருவருக்கு இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு பெயர்களே காத்திருந்தன. ஒன்று ஆஸ்துமா, மற்றொன்று காசநோய். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நோய் ஒன்று மறைந்திருந்தது. அது கண்டறியப்பட்ட வரலாறும், கண்டறியப்பட்டபின் அதன் பெயரே புதியதொரு குழப்பத்திற்கு வித்திட்ட வரலாறும், ஆஸ்துமாவை எவ்வாறு அறிவது என்னும் கேள்வியோடு நெருங்கிப் பிணைந்தவை.

பழைய பகுப்பு

மூச்சுத் திணறலை வகைப்படுத்தும் முயற்சி புதிதன்று. சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் பதினேழாம் அத்தியாயம் சுவாச நோயை ஐந்தாகப் பகுக்கிறது: மகா சுவாசம், ஊர்த்துவ சுவாசம், சின்ன சுவாசம், தமக சுவாசம், க்ஷுத்ர சுவாசம். முதல் மூன்றும் உயிருக்கு இறுதி விளைவிக்கும் கொடிய நிலைகள். ஐந்தாவது, உழைப்பினால் உண்டாகித் தானே அடங்கும் எளிய இளைப்பு. நான்காவதான தமக சுவாசத்தின் வருணனையே இன்றைய ஆஸ்துமாவிற்கு மிக நெருக்கமானது. தொண்டையில் எழும் குறுகுறு ஒலி, படுத்தால் பெருகும் திணறல், நிமிர்ந்து உட்கார்ந்தால் கிடைக்கும் ஆறுதல், கோழை வெளியேறியபின் சிறிது நேரம் நீடிக்கும் நிம்மதி, மேகமூட்டத்திலும் மழையிலும் குளிரிலும் கீழைக்காற்றிலும் மிகும் துன்பம் ஆகிய அனைத்தும் அங்கே கூறப்பட்டுள்ளன.

அதே நூல், காய்ச்சலும் மயக்கமும் சேர்ந்து வரும் தமகத்தைப் பிரதமகம் எனத் தனியே பிரித்துக் காட்டுகிறது. இதனை இன்றைய நோய் ஒன்றோடு அப்படியே சமன்படுத்துவது முறையாகாது. ஆயினும், இரைப்போடு காய்ச்சலும் வருமானால் அதனை வேறாக வைத்து எண்ணவேண்டும் என்னும் கூர்மை அந்தப் பகுப்பில் உண்டு. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இந்தக் கூர்மையே பலமுறை தவறவிடப்பட்டது.

ஐரோப்பாவில், தாமே ஆஸ்துமாவால் துன்புற்ற ஜான் ஃபிளாயர் 1698-இல் இந்நோய் குறித்துத் தனிநூல் எழுதினார். 1846-இல் ஜான் ஹட்சின்சன் நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தினார். ஆனால் ஆஸ்துமாவை அறிய வேண்டியது கொள்ளளவு மட்டுமன்று. காற்று வெளியேறும் வேகமும் ஆகும். பலங்கொண்டு மூச்சை விடும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவை ஒரு குறியீடாகக் கொள்ளும் வழியைப் பிரான்சின் டிஃபெனோ 1947-இல்தான் முன்வைத்தார். குழாய்களை விரிக்கும் மருந்தைத் தந்தபின் அந்த அளவு உயர்கிறதா என்று பார்ப்பதே இன்றும் ஆஸ்துமாவை உறுதிப்படுத்தும் அடிப்படைச் சோதனை. குறைந்தது 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் உயர்ந்தால், அடைப்பு மீளக்கூடியது எனக் கொள்ளப்படுகிறது. மீளுதலும் மாறிக்கொண்டே இருத்தலும் ஆஸ்துமாவின் தனி இயல்புகள். 1940-இல் இந்த அளவுகோல் எவர் கையிலும் இல்லை.

மதனப்பள்ளி, 1940

அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல கிறித்தவ மிஷன்கள் இணைந்து நடத்திய காசநோய் சானடோரியம் 1915-இல் திறக்கப்பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் அதன் மருத்துவத் தலைவராக இருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓய்வு, தூய காற்று, சத்துணவு, நோயுற்ற நுரையீரலைச் செயற்கையாகச் சுருங்கவைத்தல் ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. காசநோய் என்னும் பெயர் ஒருவர்மீது விழுந்தால், அவர் மாதக்கணக்கில் குடும்பத்தை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். வேலை போகும், வீட்டில் நடக்கவேண்டிய திருமணங்கள் தடைப்படும்.

இவ்வாறு சானடோரியத்திற்கு வந்தவர்களுள் ஒரு சாரார் மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தனர். அவர்களுக்கு இருமல், இரவில் மிகும் இரைப்பு, இலேசான காய்ச்சல், எடைக் குறைவு ஆகியன இருந்தன. எக்ஸ்-கதிர் படத்தில் நுரையீரல் முழுவதும் தினையரிசியைத் தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தன. காசநோயின் கொடிய வடிவமொன்று இதே தோற்றத்தைத் தருவது. ஆனால் சளியில் காசக் கிருமி இல்லை. அத்தகைய படத்தை உடைய காசநோயாளி படுக்கையில் கிடந்து நலிவார். இவர்களோ எழுந்து நடமாடினர்.

பிரித்துக் காட்டியது ஒரு துளி இரத்தம். இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகை, இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்று நிறம் கொள்வதைப் பால் எர்லிக் 1879-இல் விளக்கியிருந்தார். இயோசினோஃபில் எனப்படும் அவ்வணுக்கள், உடல்நலம் உடையவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஐந்நூறுக்கு மேற்படுவதில்லை. ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் சிறிதளவு உயரும். இந்நோயாளிகளுக்கோ அவை பன்மடங்கு பெருகியிருந்தன. 1940-இல் ஃப்ரிமோட்-மொல்லரும் ஆர். எம். பார்ட்டனும் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் இதனை, இயோசினோஃபில் பெருக்கத்தோடு கூடிய போலிக் காசநோய் நிலை என்று விவரித்தனர். காசநோய் மருத்துவமனை ஒன்றே, தன்னிடம் வந்தவர்களுள் ஒரு பகுதியினருக்குக் காசநோய் இல்லை என்று எழுதியது. இந்நிகழ்வின் வரலாற்றுச் சிறப்பு இதிலேயே உள்ளது.

நோய் பிரிந்தது, காரணம் தெரியவில்லை. 1943-இல் ‘லான்செட்’ இதழில் வைங்கார்டன் என்னும் மருத்துவர் இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளிகளை விவரித்து, அதற்கு ‘வெப்பமண்டல இயோசினோஃபிலியா’ என்று பெயரிட்டார். அவரிடம் இந்நோயோடு மேகநோயும் உடைய ஒருவர் வந்திருந்தார். மேகநோய்க்காக நியோஆர்ஸ்ஃபெனமின் என்னும் ஆர்சனிக் மருந்து ஊசியாகச் செலுத்தப்பட்டபோது, எதிர்பாராவண்ணம் இரைப்பும் நீங்கியது. ஆஸ்துமா எனக் கருதத்தக்க ஒரு நோய், ஆஸ்துமாவோடு தொடர்பற்ற ஒரு மருந்தால் அடங்கியது. அது ஆஸ்துமா அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று அன்று இல்லை.

வேலூர், 1960

அடுத்த பதினைந்தாண்டுகள் காரணத்தைத் தேடும் காலமாயின. 1944-இல் இலங்கையில் கார்ட்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நோயாளிகளின் சளியில் நுண்ணிய உண்ணிகளைக் கண்டு, அவையே காரணமாகலாம் எனக் கருதினர். அக்கருத்து நிலைபெறவில்லை. தில்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைப் பின்னர் உருவாக்கிய ஆர். விஸ்வநாதன், 1940-களில் இந்நோயின் உறுப்பு மாற்றங்களை ஆராய்ந்து எழுதினார்.

திருப்பம் மருந்தின் வழியே வந்தது. யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு எதிராக 1947-இல் அறிமுகமான டைஎத்தில்கார்பமசின், 1950-களில் இந்நோயாளிகளுக்கும் தரப்பட்டது. இரைப்பு விரைவில் அடங்கியது. சிங்கப்பூரில் பணியாற்றியவரும், பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவரானவருமான டி. ஜே. தனராஜ் இம்மருந்தின் பயனை 1958-இல் முறையாக வெளியிட்டார். இந்நோயாளிகளின் இரத்தத்தில் யானைக்கால் வகைப் புழுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதையும் அவர் காட்டினார். அதே ஆண்டில் பக்லி, விலங்குகளைத் தொற்றும் ஒருவகை யானைக்கால் புழுவின் இளவுயிரிகளை மனிதத் தன்னார்வலர் உடலில் செலுத்தியபோது, இதே இருமலும் இரைப்பும் இயோசினோஃபில் பெருக்கமும் தோன்றியதை வெளியிட்டார்.

எஞ்சியிருந்தது ஒரே தடை. நோயாளியின் இரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் மைக்ரோஃபைலேரியா எனப்படும் நுண்புழு காணப்படவில்லை. புழு இல்லாத புழுநோயை எவ்வாறு நம்புவது? 1960-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் இதற்கு விடை தந்தனர். அவர்கள் இரத்தத்தில் தேடுவதோடு நிற்காமல் திசுக்களில் தேடினர். நுரையீரல், கல்லீரல், நிணநீர்க்கணு ஆகியவற்றின் துண்டங்களில், இயோசினோஃபில் அணுக்களால் சூழப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்த நுண்புழுக்கள் கண்ணுக்குப் புலப்பட்டன.

விளக்கம் தெளிவாயிற்று. கொசுவின் வழியே யானைக்கால் புழுத்தொற்றுக்கு ஆளாகும் பெரும்பாலோரின் உடல், நுண்புழுக்களைச் சகித்துக்கொள்கிறது. அவை இரவில் இரத்தத்தில் உலவுகின்றன. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடம் மட்டும் உடலின் எதிர்ப்பாற்றல் மிகையாகக் கிளர்ந்தெழுந்து, நுரையீரலில் வைத்தே அவற்றை அழிக்கிறது. ஆகவே இரத்தம் தூய்மையாகத் தெரிகிறது; அந்தப் போரின் சேதத்தை நுரையீரல் ஏற்கிறது. நோயாளிக்கு யானைக்கால் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

தவறினால் என்ன நேரும்?

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். மும்பையில் ஜோஷி, ஃபரோக் உத்வாடியா, காட்கில் ஆகியோர் 1969-இல் வெளியிட்ட நுரையீரல் திசு ஆய்வும், உத்வாடியாவின் தொடர் பணிகளும் அதற்கு விடை கூறுகின்றன. தொடக்க நிலையில் நுரையீரலில் காணப்படுவது அணுக்களின் திரட்சி. அது மருந்தால் கரையக்கூடியது. சிகிச்சையின்றிக் காலம் நீள நீள, அவ்விடத்தில் நார்த்திசு உருவாகிறது, அது கரைவதில்லை. ஆஸ்துமா என்று கருதிக் குழாய் விரிக்கும் மருந்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர், மூன்று வார மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய நோயினால் நிரந்தரமாக மூச்சுத்திறன் இழக்க நேரும்.

சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் வி. கே. விஜயன் உள்ளிட்டோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 1980-களில் நடத்திய ஆய்வுகள் மேலும் நுட்பமான செய்தியைத் தந்தன. நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் இருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி இயோசினோஃபில்களே. மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களில் அவை பெரிதும் குறைந்தன. ஆயினும் வழக்கமான மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின்னரும் சிலரிடம் அழற்சி இலேசாகத் தொடர்ந்தது. நோயாளி நலமடைந்ததாக உணர்வதும் நுரையீரல் முற்றும் சீரடைவதும் ஒன்றல்ல என்பது இதனால் வெளிப்பட்டது.

இவ்வளவு காலப் பணியின் பயனாக, இரண்டையும் பிரித்தறியும் குறிப்புகள் இன்று ஒழுங்குபட்டுள்ளன. இரவில் மிகும் இருமலும் இரைப்பும் இரண்டிற்கும் பொது. எனவே அவற்றை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது. ஆஸ்துமா பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல், பருவமாற்றம், உடற்பயிற்சி என ஏதேனும் ஒரு தூண்டுதலை ஒட்டி வரும். இடையிடையே முற்றும் விலகி நிற்கும். தும்மல், மூக்கொழுக்கு, தோல் அரிப்பு ஆகியவையும் குடும்ப வரலாறும் துணைநிற்கும். காய்ச்சலும் மெலிவும் அதன் இயல்பல்ல. எக்ஸ்-கதிர் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

வெப்பமண்டல இயோசினோஃபிலியா, யானைக்கால் நோய் பரவியுள்ள பகுதிகளில் வாழ்ந்தோரிடம், பெரும்பாலும் பதினைந்து முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரிடம், பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. காய்ச்சலும் எடைக் குறைவும் உடன் வரலாம். இரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கை 3,000-ஐக் கடந்திருக்கும். ஐஜிஇ எதிர்ப்பொருளும் யானைக்கால் புழு எதிர்ப்பொருளும் மிக உயர்ந்திருக்கும். படத்தில் புள்ளிகள் காணப்படுவது வழக்கம். எனினும் ஐந்தில் ஒருவருக்கேனும் படம் இயல்பாகவே இருக்கும் என்பதால், படம் ஒன்றைக்கொண்டு விலக்கிவிட இயலாது. ஸ்பைரோமீட்டரில், ஆஸ்துமாவில் காற்றுவழியின் அடைப்பு தெரியும். இந்நோயில் நுரையீரல் விரிவதில் உள்ள குறைவே மேலோங்கி நிற்கும். புழுமருந்துக்குக் கிடைக்கும் விரைவான பலன் இறுதிச் சான்று. அதற்குமுன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் போன்ற குடற்புழுத் தொற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தொற்று உள்ளவருக்கு ஆஸ்துமா எனக் கருதி ஸ்டீராய்டு மாத்திரை தந்தால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பெயரின் மறுபயணம்

வரலாறு இங்கே முடிந்திருந்தால் அது வெற்றிக் கதையாக அமைந்திருக்கும். ஆனால் மருத்துவ இதழ்களில் பிறந்த ‘இயோசினோஃபிலியா’ என்னும் சொல், வீதிக்கு வந்தபோது பொருள் மாறிற்று. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் அது ‘ஈஸ்னோபீலியா’ என்று வீட்டுச் சொல்லாயிற்று. ஆஸ்துமா என்றால் ஆயுள் முழுதும் தீராத நோய், பரம்பரை நோய், வரன் தேடும்போது மறைக்க வேண்டிய நோய் என்னும் அச்சம் நிலவிய சூழலில், ‘ஈஸ்னோபீலியாதான், வேறொன்றும் இல்லை’ என்ற விடை பெற்றோர்க்கு ஆறுதலாக இருந்தது. ஒவ்வாமையால் இயோசினோஃபில் எண்ணிக்கை சற்றே உயர்ந்த ஆஸ்துமாக் குழந்தைக்குப் புழுமருந்து மீண்டும் மீண்டும் தரப்பட்டது. ஆஸ்துமா தானே தணியும் காலம் வந்தபோது மருந்து வேலை செய்ததாகவும், மீண்டும் வந்தபோது ஈஸ்னோபீலியா திரும்பியதாகவும் கருதப்பட்டது.

இதே விதி மற்றொரு பெயருக்கும் நேர்ந்தது. ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்பது குழந்தைகளின் முதல் காசநோய்த் தொற்றைக் குறிக்கும் கலைச்சொல். அடிக்கடி இருமும் குழந்தைகளுக்கெல்லாம் அது முத்திரையாகக் குத்தப்பட்டதனால், ஆஸ்துமா உடைய குழந்தைகள் பலர் மாதக்கணக்கில் காசநோய் மருந்தை உண்டனர். 1940-இல் காசநோய் என்ற பெயரிலிருந்து ஒரு நோய் பிரித்து மீட்கப்பட்டது. பின்னர் அதே இரண்டு பெயர்களுக்குள் ஆஸ்துமா ஒளித்துவைக்கப்பட்டது.

இதன் விலை சிறிதன்று. 2019-ஆம் ஆண்டிற்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். ஆஸ்துமா இறப்புகளிலோ ஐந்தில் இரண்டிற்கு மேற்பட்டவை இங்கு நிகழ்கின்றன. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. நோய்க்கு உரிய பெயர் சொல்லப்படாமையும், அதனால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து உரிய காலத்தில் தொடங்கப்படாமையும் அவற்றுள் முதன்மையானவை. இன்ஹேலர் பழகிவிடும் என்ற அச்சமும், பெயரை மறைக்கும் பழக்கமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

எதிர்த்திசைத் தவறும் ஓய்ந்துவிடவில்லை. வெப்பமண்டல நாடுகளிலிருந்து கனடாவின் டொரண்டோவிற்கு வந்த நோயாளிகளைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வில், வெப்பமண்டல இயோசினோஃபிலியா உடையவர்களுள் பெரும்பாலோர் முதலில் ஆஸ்துமா என்றே கணிக்கப்பட்டிருந்தனர். அந்நாட்டு மருத்துவர்க்கு இந்நோய் அறிமுகமற்றது. இந்தியாவிலும் அத்தகைய நிலை உருவாக இடமுண்டு. 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 2004 முதல் விரிவாக நடைபெறும் கூட்டு மருந்து வழங்கல் ஆகியவற்றால் தொற்று பல மாவட்டங்களில் குறைந்துள்ளது. 2027-க்குள் ஒழிப்பது அரசின் இலக்கு. நோய் அருகும்போது அதை நேரில் கண்ட மருத்துவர்களும் அருகுவர். ஆனால் தொற்று எஞ்சியுள்ள மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் நாடெங்கும் செல்கின்றனர். கட்டுமானத் தளத்தில் இரவில் இரைக்கும் ஓர் இளைஞருக்குத் தூசி ஒவ்வாமை என்று எழுதிவிடுவது எளிது. அவர் எந்த ஊரில் வளர்ந்தார், காய்ச்சலோ எடைக் குறைவோ உண்டா என்று கேட்பதற்குச் சில நிமிடங்களே போதும். வெள்ளணுக்களை வகைபிரித்து எண்ணுவதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

மதனப்பள்ளியில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இவ்வளவே. புதிய கருவி எதுவும் அங்கு வந்திறங்கவில்லை. ஏற்கனவே எழுதப்பட்டிருந்த ஒரு பெயரோடு நோயாளியின் நிலை பொருந்தவில்லை என்பதைக் கவனித்த மருத்துவர் இருவர், அறுபதாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த ஒரு சாயச் சோதனையின் விடையைப் பொருட்படுத்தினர். ஆஸ்துமாவை அறிதல் என்பது அதன் அறிகுறிப் பட்டியலை மனனம் செய்வதோடு முடிவதன்று. எது பொருந்தவில்லை என்று தேடுவதும் அதில் அடங்கும். பொருந்தாத நிலையில் பெயரை மாற்றத் துணிவதும், பொருந்திய நிலையில் ஆஸ்துமா என்ற பெயரை மறைக்காமல் நோயாளியிடம் சொல்வதும் மருத்துவரின் கடமைகள். இரண்டில் எது தவறினும் இழப்பு நோயாளியின் மூச்சுக்கே.